வாசலில் மாறிய எழுத்து

இல்ல சார், மன்னிக்கணும், அங்க ஒரு திருத்தம். மரபணு உள்ள இருந்தா புரதம் தானா வெளிய வந்துடும்னு இப்ப சொன்னீங்க பாருங்க, மனுஷ குலம் இதுவரைக்கும் நம்பின தப்புகள்ல பூமி தட்டைங்கிறதுக்கு அடுத்த இடம் இதுக்குத்தான். ஒரு கணக்குல பாத்தா முதல் இடமே இதுக்குக் குடுக்கலாம். பூமி தட்டைன்னு யாரோ நம்பினதால நம்ம கம்பெனில யாருக்கும் வேலை போகல. இத நீங்க நம்புறதால குருவிக்கு வேலை போகப் போகுது.

காபியா? வேணாம் சார். குடிக்கிறவன்தான், அதெல்லாம் இல்ல. ஆனா இத்தன வருஷத்துல எத்தனையோ தடவ இந்த ரூமுக்கு வந்திருக்கேன், ஒரு தடவகூட உக்காருன்னு சொன்னதில்ல. இன்னைக்கு உக்காரச் சொல்றீங்க, காபி வருது, பிஸ்கட் வேற வருது. சரி, வைங்க. ஆறட்டும்.

கதவ சாத்தணுமா? சாத்துங்க. போன ஏன் கவுத்து வெக்கிறீங்க? இல்ல, சும்மாதான் கேட்டேன். என் வீட்டுக்காரி எப்பவும் சொல்லுவா, உங்களுக்குச் சந்தேகம் ஒரு வியாதி, கடிகாரத்துல மணி பாத்தாக்கூட இன்னொரு கடிகாரத்தப் பாத்து சரிதானான்னு கேக்குற ஆளு நீங்கன்னு. நான் சொல்லுவேன், மூணாவதும் பாக்கணும், ரெண்டுல எது தப்புன்னு பின்ன எப்படித் தெரியும்னு.

குருவின்னா யாருன்னா கேட்டீங்க? அட, வேலைய விட்டுத் தூக்குற அந்த ஆர்டர்ல உங்க கைக்குக் கீழ நீளமா ஒரு பேரு இருக்கே, அவதான் சார். விதை வளர்க்குற பொண்ணு, அதான், தொட்டில ஊத்துறதுக்குக் குழாய்ல வெச்சிருக்கிற மூல பாக்டீரியா. ஆளு பொடிசு, நடை வேகம், பேச்சு அத விட வேகம். அதான் குருவி. எனக்கும் ஒரு பேரு உண்டு, ஆனா லேப்ல என்னைத் திருத்தம்னுதான் கூப்பிடுவாங்க. கேன்டீன் போர்டுல இருந்த பிழைய ஒரு தடவ சாக்பீஸ் எடுத்துத் திருத்திட்டேன், அன்னைலேர்ந்து. குருவி மட்டும் அண்ணேன்னு கூப்பிடும். உங்கள என்னன்னு கூப்பிடுவாங்கன்னு நான் சொல்ல மாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வரேன். தொட்டில பாக்டீரியா கொழகொழன்னு வளருது, நுரை பொங்குது, ஆனா புரதம் இல்ல. சட்டைக் கறைய எடுக்குற புரதம் வேணும்னு வாங்குறவங்க கேட்டா, நாம அனுப்பினது வெறும் நாத்தத் தண்ணி. அவங்க இன்னைக்கு சாயங்காலம் வராங்க. வர்றதுக்குள்ள ஒரு தலை உருளணும். நம்ம ஊழியர் ஒருத்தர் வேணும்னே கெடுத்துட்டாங்க, கண்டுபிடிச்சுட்டோம், தூக்கிட்டோம், இதோ ஆர்டர். அதக் காட்டினா கம்பெனி மானம் தப்பிச்சுது. கையெழுத்து மட்டும் பாக்கி. நான் சொல்றது சரிதானே? தலைய ஆட்டுறீங்களா, கழுத்து வலியா?

அதுல ஒரே ஒரு சங்கடம். வேணும்னே கெடுத்தாங்கன்னு ஒரு வரி இருக்கே, அந்த ஒரு வரியோட வெளிய போனா அந்தப் பொண்ண எந்த லேப்லயும் கண்ணாடி கழுவக்கூட சேக்க மாட்டாங்க.

இல்ல சார், நான் சிபாரிசுக்கு வரல. எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. என் மச்சானுக்கே நான் சிபாரிசு பண்ணல, அதுக்கு வீட்ல இன்னும் என்கிட்ட முகம் குடுத்துப் பேச மாட்டாங்க. நான் வந்தது திருத்தத்துக்கு. விசாரணைக் கமிட்டி ரிப்போர்ட்டப் படிச்சேன். கமிட்டில இருந்த மூணு பேரும் பெரிய படிப்புப் படிச்சவங்கதான். ஆனா ஒருத்தர் கட்டடம் கட்டுறவரு, ஒருத்தர் வக்கீல், இன்னொருத்தர் உங்க சகலை.

அதுல என்ன எழுதியிருக்காங்க? மரபணு அப்படியே இருக்கு, ஒரு எழுத்துகூட மாறல. அதுக்கு முன்னாடி இருக்கிற இடத்துல மட்டும், சரியா ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. இவ்வளவு துல்லியமா மாத்தணும்னா விஷயம் தெரிஞ்ச கைதான் மாத்தியிருக்கணும். விதை குருவி கைலதான் இருந்துச்சு. ஆக குருவிதான். எவ்வளவு அழகா இருக்கு பாருங்க. கேட்டா நானே நம்பிடுவேன், எனக்கு விஷயம் தெரியாம இருந்தா.

இந்த டம்ளர இப்படி வெக்கிறேன், பாருங்க. காபி கொட்டாது, பயப்படாதீங்க. இதுதான் மரபணுன்னு வைங்க. புரதத்தோட செய்முறை முழுக்க இதுக்குள்ள இருக்கு. ஆனா செய்முறை பீரோவுல பூட்டிக் கிடந்தா சமையல் நடக்குமா? யாராவது எடுத்துப் படிக்கணும். அதுக்குன்னு பாக்டீரியாவுக்குள்ள ஒரு எந்திரம் சுத்திக்கிட்டே இருக்கு. மரபணுவெல்லாம் கோத்திருக்கிற டி.என்.ஏ. நூலப் பிடிச்சுக்கிட்டே போகும். எங்கயாவது ஒரு வாசல் தெரிஞ்சா உக்காரும். உக்காந்தா அதுக்கப்புறம் இருக்கிறதப் படிச்சு நகல் எடுக்கும். அந்த நகல்தான் ஆலைக்குப் போகும், ஆலைதான் புரதம் செய்யும். வாசல் எதுன்னா, இதோ, டம்ளருக்கு முன்னாடி நான் வெக்கிறேனே இந்த பிஸ்கட். ப்ரோமோட்டர்னு பேரு. வாசல்னே சொல்லுவோம், நமக்கு வாய் நோகாது.

வாசல்ல ஒரு பலகை மாதிரி ஆறு எழுத்து. டி, ஏ, டி, ஏ, ஏ, டி. எந்திரத்துக்கு இந்த ஆறும் ரொம்பப் பிடிக்கும். பாத்ததும் சம்மணம் போட்டு உக்காந்துடும், நகல் மேல நகலா எடுத்துத் தள்ளும். இந்த எழுத்து கொஞ்சம் அப்படி இப்படி இருந்தா அரைமனசா உக்காரும். ரெண்டாவது எழுத்தக் கெடுத்துட்டா உக்காரவே உக்காராது, வழுக்கிக்கிட்டு அடுத்த வாசலுக்குப் போயிடும். உள்ள இருக்கிற செய்முறை தங்கத்துல எழுதியிருந்தாலும் சரி, படிக்க ஆளில்ல. நம்ம விதைல அந்த ரெண்டாவது எழுத்து ஏ இருக்க வேண்டிய இடத்துல ஜி இருக்கு. அவ்வளவுதான் சார் கதை. மரபணு இருந்தா புரதம் வரும்னீங்களே. மரபணு இருக்கு. வாசல் இல்ல.

இன்னும் இருக்கு. வாசல்ல ஒரு வாட்ச்மேன் உண்டு. அவனும் ஒரு புரதம்தான். வாசப்படிய மறிச்சுக்கிட்டுப் படுத்திருப்பான், எந்திரத்த உக்கார விட மாட்டான். நாம தொட்டில ஒரு சர்க்கரை மாதிரிப் பொருள் போடுவோம்ல, அது போயி அவன் கையப் பிடிச்சுத் தூக்கிவிடும். அவன் எந்திரிச்சதும் வேலை ஆரம்பம். எதுக்கு இவ்வளவு ஏற்பாடு? முதல்ல பாக்டீரியா நல்லாப் பெருகட்டும், பெருகினதுக்கப்புறம் வேலை வாங்கலாம்னு. பொறந்த உடனே வேலை வாங்கினா வளராது. உங்களுக்குப் புரியும், நீங்க டிரெய்னிங் முடியாம யாருக்கும் சம்பளம் குடுக்கிறதில்லையே.

ஆனா அந்த வாட்ச்மேன் நம்ம கேட்டுல இருக்காரே அவர் மாதிரி. ஒரு கண்ணு தூக்கம். அப்பப்ப அசருவான். அசரும்போது எந்திரம் நைசா உக்காந்து நாலு நகல் எடுத்துடும். கொஞ்சமா புரதம் கசியும். இந்தக் கசிவ மட்டும் நீங்க ஞாபகம் வெச்சுக்கணும் சார். மத்ததெல்லாம் மறந்தாலும் பரவாயில்ல.

இப்ப கமிட்டிகிட்ட நான் கேக்குறேன். ஒரு எழுத்து மாற கை எதுக்கு? பாக்டீரியா ரெண்டாப் பிரியுறப்ப முழு நூலையும் நகல் எடுக்குது. லட்சக்கணக்கான எழுத்து. என்ன மாதிரி ஒரு ஆளு உக்காந்து திருத்தினாக்கூட எங்கயாவது ஒண்ணு விட்டுப் போகும். கோடி கோடியாப் பிரியுது, அதுல எங்கயோ ஒண்ணுக்கு அந்த வாசல்ல பிசகு. யாரும் பண்ணல, தானா ஆச்சு. அது சாகுமா? சாகாது. நம்ம மரபணு இல்லாதத ஒழிக்க நாம போடுற ஆன்டிபயாடிக்லயும் சாகாது, ஏன்னா அதத் தாங்குற மரபணு வேற, அதுக்கு வாசலும் வேற, அது ஒழுங்காத்தான் இருக்கு. அதனால வெளிய பாத்தா அசல் நம்ம ஆளு. யூனிஃபார்ம் உண்டு, அடையாள அட்டை உண்டு. வேலை மட்டும் கிடையாது.

சொல்லப் போனா அது மத்தத விட நல்லா இருக்கும். எப்படின்னா, என் மச்சான எடுத்துக்குங்க. என் வீட்டுக்காரியோட தம்பி. நாலு வருஷமா எங்க வீட்லதான் இருக்கான். நாங்க ரெண்டு பேரும் ஓடியாடி வேலை செஞ்சு வத்திப் போயிருக்கோம். அவன் எங்க தட்டுலதான் சாப்பிடுறான், எங்க ஃபேனுக்கு அடிலதான் தூங்குறான், ஒரு துரும்ப எடுத்து அந்தப் பக்கம் போட மாட்டான். எங்க மூணு பேரையும் நிக்க வெச்சுப் பாத்தா யாரு ஆரோக்கியம்? அவன்தான். கன்னம் பளபளன்னு இருக்கு. வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் அவனத்தான் வீட்டுக்காரர்னு நெனச்சுக் கும்புடுறாங்க.

சிரிக்கிறீங்க. நல்லது. நான் சிரிக்கல.

இந்த ஒரு வாரமா நான் தூங்கல சார். யாரு, எப்பன்னு ஒவ்வொருத்தரா சந்தேகப்பட்டேன். முதல்ல ஃப்ரீசர் மெக்கானிக். விதைக் குழாய் எல்லாம் அந்த ஃப்ரீசர்லதான இருக்கு, அவன் வந்து போன அன்னைக்கு மூடி சரியா மூடலையோன்னு. அவன் வீட்டுக்கே போயிக் கேட்டேன். அவன் என்னைச் சந்தேகமாப் பாத்தான். அப்புறம் தொட்டி ஆபரேட்டர், நம்ம பீப்பா. அவன் சர்க்கரைய மாத்திப் போட்டிருப்பானோன்னு. நானே எடை போட்டுப் பாத்தேன், சரியா இருந்துச்சு. பீப்பா கோவிச்சுக்கிட்டான், திருத்தம், எங்க ஆத்தாவா இருந்தாலும் நீங்க எடை போட்டுத்தான் நம்புவீங்கன்னான். நான் சொன்னேன், உன்னப் பெத்தவங்கள எடை போடுற தராசு நம்மகிட்ட இல்லடான்னு. இப்ப அவனும் பேசுறதில்ல. கடைசில குருவியையே சந்தேகப்பட்டேன். ஏன் படக்கூடாது? யாரா இருந்தா என்ன. அது மேசையப் போயிப் பாத்தேன், எல்லாம் கோடு போட்ட மாதிரி அடுக்கி இருந்துச்சு. அவ்வளவு ஒழுங்கு இருந்தாலும் சந்தேகம்தான் வரும் எனக்கு.

அப்புறம்தான் மண்டைல உறைச்சுது. நான் யாருன்னு கேக்குறேன், எந்தக் குழாய்லேர்ந்துன்னு கேக்கணும். ஃப்ரீசர்ல அடித்தட்டுல பழைய விதை ரெண்டு குழாய் இருந்துச்சு, பழைய கட்டடத்துல வெச்சது. எடுத்து வளர்த்தேன். சர்க்கரை போட்டேன். புரதம் அருவி மாதிரிக் கொட்டுது. எழுத்தப் படிக்க வெச்சேன், ஆறும் சரி. புதுக் கட்டடம் தொறந்ததுக்கு அப்புறம் வெச்ச விதை அத்தனையும் எடுத்தேன். ஒண்ணு விடாம எல்லாத்துலயும் ரெண்டாவது எழுத்து ஜி. அப்ப எல்லாம் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க. யாரோ ஒரு தடவ, தட்டுலேர்ந்து ஒரே ஒரு பொட்ட எடுத்திருக்காங்க, அதுலேர்ந்துதான் மொத்த விதையும் வந்திருக்கு.

பொட்டுன்னா, தட்டுல பாக்டீரியாவப் பரப்பினா மறுநாள் பொட்டுப் பொட்டா முளைக்குமே, அது. காலனி. ஒவ்வொரு பொட்டும் ஒரே ஒரு பாக்டீரியாவோட வம்சம்.

சரின்னு எல்லார்கிட்டயும் கேட்டேன். புதுக் கட்டடத்தோட முதல் விதை, பொட்டு எடுத்தது யாருன்னு. இதுக்கு என்ன சார் ஒளிவு மறைவு? ஆனா பீப்பா ஷூ கயிறக் கட்ட ஆரம்பிச்சுட்டான். ஸ்டோர்காரரு, யாரோ எடுத்தாங்கப்பான்னாரு. அக்கவுண்ட்ஸ் அம்மா, எனக்கு அதெல்லாம் ஞாபகம் இல்லன்னாங்க. அவங்க நான் போன வருஷம் எத்தன நாள் லேட்டா வந்தேன்னு கேட்டா தூக்கத்துல சொல்லுவாங்க. எல்லாரும் தரையப் பாக்குறாங்க, சுவத்தப் பாக்குறாங்க. ஊரே சேந்து ஒரு விஷயத்த மறந்தா அதுக்குப் பேரு மறதி இல்ல.

நான் எங்க இருந்தேனா? புதுக் கட்டடத் தொறப்பு விழா அன்னைக்கு நான் லீவு. கடவாய்ப் பல்லு. டாக்டர் பிடுங்கிட்டு இதுதானேன்னு காட்டினாரு, நான் இல்ல, பக்கத்துப் பல்லுன்னேன். அது வேற கதை.

குருவி வீட்டுக்குப் போனேன் சார், முந்தாநாள். சின்ன வீடு. ஒரு ரூம், ஒரு சமையக்கட்டு, துணி காயப்போட்ட கயிறு தலைல இடிக்குது. அது மூலைல உக்காந்து என்னத்தையோ தைச்சுக்கிட்டு இருந்துச்சு. அவ்வளவு பேசுற பொண்ணு, வாங்கண்ணேன்னு ஒரு வார்த்தைதான். எதுக்கும்மா கமிட்டில வாயே தொறக்கலன்னு கேட்டேன். ஊசில நூலக் கோத்துச்சு. அப்புறம் சொல்லுது, அன்னைக்கே அத்தன பேரு முன்னாடி சொன்னேண்ணே, யாரும் கேக்கல, இன்னைக்குச் சொன்னா தப்பிக்கிறதுக்கு சொல்றேம்பாங்கன்னு. என்ன சொன்னேன்னு கேட்டா திரும்பத் தைக்க ஆரம்பிச்சுடுச்சு. அவங்கம்மாதான் டீ கொண்டாந்தாங்க. அந்தம்மாவுக்கு அதுவரைக்கும் ஒண்ணும் தெரியாது. பொண்ணு லீவுல இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. என் பொண்ணு உங்க கம்பெனில ரொம்ப முக்கியமான ஆளாமேன்னு என்கிட்டயே கேக்குறாங்க. ஆமாம்மான்னேன். அப்ப டிவிக்கு மேல கைய நீட்டிக் காட்டினாங்க.

இருங்க, அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். வரும்போது பாத்தேன், ரிசப்ஷன் சுவத்துல ஒரு இடத்துல மட்டும் சதுரமா வெளுப்பா இருக்கு. சுத்தி பழுப்பு, நடுவுல புதுசு. மேல ஒரு ஆணி. பெயிண்ட் அடிக்கப் போறாங்களா? அப்படியா. பெயிண்ட்டுக்காக ஒரே ஒரு படத்தக் கழட்டினாங்க, மத்த நாலும் அப்படியே தொங்குது. கமிட்டி உக்கார்றதுக்கு மொத நாளே கழட்டிட்டாங்கன்னு அந்த ரிசப்ஷன் பொண்ணு சொல்லுச்சு. கழட்டச் சொன்னது யாருன்னு நான் கேக்கல. அதுகிட்ட இனிமே கேக்குறதுக்கு என்ன இருக்கு?

சரி, பொட்டுக்கு வரேன். வாட்ச்மேன் அசருவான், கசியும்னு சொன்னேன்ல. ஒழுங்கா இருக்கிற பாக்டீரியா தட்டுல இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமா வேலை செஞ்சுக்கிட்டேதான் இருக்கும். அதனால அதோட பொட்டு சின்னதா, வத்தலா, எல்லாம் ஒரே அளவா இருக்கும். வாசல் கெட்டது வேலை செய்யாது, அது தின்னுட்டுத் தின்னுட்டுப் பெருகும். பொட்டு கொழுகொழுன்னு பெருசா, பளபளன்னு இருக்கும். எங்க மச்சான் மாதிரி. அதனால விதை எடுக்குறவங்களுக்கு முதல் பாடமே இதுதான். பெருசத் தொடாதே. சின்னதுல நாலஞ்சு எடு, ஒவ்வொண்ணா வளர்த்துப் பாரு, வேலை செய்யுறத மட்டும் வை. குருவி ஒரு நாளும் பெருசத் தொட்டதில்ல. அதுகிட்ட தக்காளி வாங்கச் சொன்னாக்கூட சின்னதாத்தான் பொறுக்கிட்டு வருமாம், அவங்கம்மா குறை சொன்னாங்க.

தெரியாதவங்க என்ன பண்ணுவாங்க? பெருசத்தான் எடுப்பாங்க. அது இயல்பு சார். நானா இருந்தாலும், ஒண்ணும் தெரியாம அந்தத் தட்ட என் கைல குடுத்தா, அதத்தான் எடுப்பேன். அது குத்தமே இல்ல.

டிவிக்கு மேல பெரிய படம். கண்ணாடி போட்டு, நாலு ஓரத்துலயும் பித்தளை. விழா முடிஞ்சதும் படத்துல இருக்கிறவங்களுக்கு ஒவ்வொரு நகல் குடுத்தாங்களாமே, அந்த நகல். குருவி தட்டப் பிடிச்சிருக்கு. பக்கத்துல நீங்க. கைல பொட்ட எடுக்குற வளையக் கம்பி. முதல் விதைய டைரக்டர் தன் கையால எடுத்து வெக்கிறாருன்னு கீழ அச்சடிச்சிருக்கு. போட்டோக்காரன் கெட்டிக்காரன் சார், உங்க மூஞ்சியவிட தட்டத்தான் பெருசா எடுத்திருக்கான். உங்க மோதிரத்துல இருக்கிற கல்லக்கூட எண்ணலாம். தட்டு பூரா சின்னச் சின்னப் பொட்டு, ஒரே அளவா, ஒழுங்கா. ஓரத்துல ஒண்ணே ஒண்ணு மட்டும் சட்டை பட்டன் அளவுக்கு. கம்பி முனை அதுமேல இருக்கு.

எல்லாரும் உங்களப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருக்காங்க. பீப்பா கைதட்டுறான். குருவி மட்டும் சிரிக்கல. வாய் தொறந்திருக்கு. படத்துல சத்தம் கேக்காதுல்ல, அதனால அதுகிட்டயே கேட்டேன், என்ன சொல்லிக்கிட்டு இருக்கேன்னு. அப்பதான் சொல்லுச்சு. சார், அது வேணாம், அந்தச் சின்னதுல ஒண்ணு எடுங்கன்னு சொன்னேண்ணே. அதுக்கு சாரு, எதையும் பெருசா நெனைக்கணும்மான்னாரு. எல்லாரும் கைதட்டுனாங்க. மறுநாள் சத்தமில்லாம சின்னதுல ஒண்ணு எடுத்து வெச்சுடலாம்னு நெனச்சேன். ஆனா அன்னைக்கே சொல்லிட்டாரு, என் கையால எடுத்ததுதான் இந்தக் கட்டடத்துக்கு விதை, அத யாரும் மாத்தக் கூடாது, வேற எடுக்கக் கூடாதுன்னு. தட்டக்கூட சாரோட ஆளுங்களே எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு.

இல்ல சார், நான் குத்தம் சொல்லல. திரும்பவும் சொல்றேன், தெரியாம எடுத்தது குத்தமே இல்ல. ஒரு எழுத்து மாறினதும் யாரோட குத்தமும் இல்ல. எனக்குப் பிடிபடாதது ஒண்ணே ஒண்ணுதான். தெரியாதுன்னா படம் ஏன் இறங்குச்சு?

வாங்குறவங்களோட லேப்காரங்களும் கூட வராங்க இல்லையா. அவங்களுக்கு இந்தப் பாடமெல்லாம் நடத்த வேண்டியதில்ல. அந்தப் படத்த ஒரு தடவ பாத்தாப் போதும். நீங்களும் அப்படித்தான் நெனச்சிருப்பீங்க, இல்ல, உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பாங்க. யாருன்னு எனக்குச் சந்தேகம் இருக்கு. நான் சகலைன்னு சொன்னப்ப உங்க கண்ணு கவுத்து வெச்ச போன் பக்கம் போச்சு.

பேனாவ மூடிட்டீங்க. நல்லது. மையும் காயாது.

எவ்வளவுன்னா? என்ன எவ்வளவு? ஓ. இல்ல சார், அந்தப் படம் விலைக்கு இல்ல. என்கிட்டயும் இல்ல. அதத்தான் சொல்ல வந்தேன். என் சந்தேக புத்திக்கு நான் அத வாங்கிட்டு வந்து பூட்டி வெச்சிருப்பேன். ஆனா அது அந்தம்மாவோடது. கேட்டேன், குடுக்க மாட்டேன்னுட்டாங்க. எம்பொண்ணும் பெரிய சாரும் இருக்கிற படம், அதெப்படிக் குடுப்பேன்னு. அப்ப வேற வழியில்லாம, பொண்ணுக்கு இங்க என்ன நடக்குதுன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. கேட்டுக்கிட்டாங்க. அழுவாங்கன்னு நெனச்சேன். ஸ்டூல் போட்டு ஏறிப் படத்த இறக்கித் துடைச்சாங்க. பெரிய சாருக்கு எம்பொண்ண ஞாபகம் இல்லாமப் போயிருக்கும், காட்டினா வந்துடும்னு சொன்னாங்க. இன்னைக்கு ஒரு போர்வைல சுத்தி எடுத்துக்கிட்டு என்கூட பஸ்ல வந்தாங்க. கீழ ரிசப்ஷன்லதான் உக்கார வெச்சிருக்கேன். நான் கூப்பிட்டதும் மேல வரச் சொல்லியிருக்கேன்.

இப்ப கூப்பிடட்டுமா? வேணாமா? பின்வாசல் வழியா அனுப்பணுமா? அவங்களுக்கு முட்டி வலி சார், அந்தப் படிக்கட்டு இறங்க மாட்டாங்க.

உங்க இன்டர்காம் அடிக்குது. எடுக்கலையா? கீழேர்ந்துதான். நான் எடுக்குறேன்.

ம். திருத்தம்தான் பேசுறேன். சொல்லும்மா. சரி. சரி. இல்ல, நீ ஒண்ணும் பண்ண வேணாம். நான் சார்கிட்ட சொல்லிடறேன்.

ரிசப்ஷன் பொண்ணு சார். வாங்குறவங்க சீக்கிரமே வந்துட்டாங்களாம். மேல அனுப்பட்டுமான்னு கேக்குது, ஆனா அவங்க ரிசப்ஷன விட்டு நகரலையாம். அந்தம்மாவுக்குப் படத்த மடிலயே வெச்சுக் கை வலிச்சிருக்கு. சுவத்துல ஒரு ஆணி சும்மா இருக்கேன்னு அதுல மாட்டிட்டு, பக்கத்துல உக்காந்திருக்காங்க. வந்தவங்க கும்பலா அது முன்னாடி நிக்கிறாங்களாம். ஒருத்தர் கண்ணாடிய மாட்டிக்கிட்டு ரொம்பக் கிட்டப் போயிப் பாக்குறாராம்.